இரண்டடி குறைச்சல்

குச்சவெளியில் கடலுக்கும் வெங்காயத்துக்கும்
இடையில் அறுநூறு யார் இருக்கும்.
அளந்து பார்த்ததில்லை.
கச்சான் ஓய்ந்த ஒரு விடியலில்
அலைச் சத்தத்தை வைத்துச் சொல்கிறேன்.

ஓட்டோக் கூரையில் குழாய்கள்,
நுனியில் சிவப்புச் சீலைக் கிழிசல்.
தவநேசன் வேலியடியில் நிற்கிறான்.
"ரெண்டு எச்பி சொன்னனான், கொண்டு வந்தனீங்களோ?"
கொண்டு வந்தேன்.
பெட்டிக்குள் என் கொமிஷனும் இருக்கிறது.
அவனுக்குத் தெரியும், நானும் மறைக்கவில்லை.

பழைய மோட்டரின் நட்டுகள்
உப்புக் காற்றில் பூத்துப்போய்
ஸ்பானர் கடிக்க இடமில்லை.
மண்ணெண்ணெய் ஊற்றி, தட்டி,
ஒரு கெட்ட வார்த்தையும் சொன்ன பிறகுதான்
நாலாவது நட்டு இறங்கி வந்தது.
புட்வால்வின் வலைக்குள் சிரட்டைத் துண்டு,
இரண்டு வாற்பேத்தைகள்.

கிணறு பதினாறடி.
தண்ணீர் பத்தில் தொடங்குகிறது.
மிச்சம் ஆறடி,
அதற்குக் கீழே கடல்.
எந்தக் கம்பெனிக் கையேட்டிலும் இது இல்லை:
இங்கே மாரி மழை
உப்புத் தண்ணீரின் மேல் படுத்திருக்கிறது,
காய்ச்சிய பாலில் ஆடை மாதிரி.
மெல்ல வழித்தால் ஆடை வரும்.
அவசரப்பட்டால்
கரண்டி கிழித்துக்கொண்டு கீழே போகும்.

வேலிக்கு அந்தப் பக்கம் பௌசியாவின் மிளகாய்.
அவளுக்கு அரை எச்பி,
போன வருஷம் பூட்டியதும் நான்தான்.
காசோடு அடகுத் துண்டையும் சேர்த்து எண்ணிவிட்டு
துண்டை மட்டும் திருப்பி எடுத்துக்கொண்டாள்.
இந்த மோட்டர் இரண்டு மணித்தியாலம் ஓடினால்
அவள் கிணறு என்ன சொல்லும் என்று
என் நாக்குக்குத் தெரியும்.
உப்புப் பார்க்க மீற்றர் ஒன்று வைத்திருந்தேன்,
பட்டரி போய்விட்டது.

தவநேசனிடம் சொன்னேன்.
"உங்கட வேலை பூட்டுறது" என்றான்.
சரிதான்.
வங்கிக் கடன். முக்கால் ஏக்கர் நட்டாயிற்று.
ஆடி வெயிலில் தாள் நுனி மஞ்சளிக்கிறது.
அவன் பேராசைக்காரன் இல்லை, பயந்தவன்.
பயந்தவனுக்கு இரண்டும் போதாது,
மூன்று எச்பி என்ன விலை என்று
அடுத்ததாகக் கேட்டான்.

அவன் தேத்தண்ணி எடுக்கப் போன நேரம்
உறிஞ்சு குழாயை மணலில் கிடத்தி
பென்சிலால் ஒரு கோடு.
இரண்டடி மேலே இன்னொன்று.
மேல்கோட்டில் வாளை வைத்தேன்.
வெட்டுத் துண்டை ஓட்டோ சீற்றுக்கடியில் தள்ளி
வெள்ளைத் தூளைக்
காலால் மணல் போட்டு மூடினேன்.

பிறகு எல்லாம் ஒழுங்காக:
கம் பூசி, நூறு எண்ணி, டேப் சுற்றி,
வாளியால் மோட்டரின் வயிற்றை நிரப்பி,
சுவிச்.
குழாய் இருமியது, காற்றைத் துப்பியது.
பன்னிரண்டு ஸ்பிரிங்ளரும் சட்டென்று நிமிர்ந்தன.
பாதித் தண்ணீரைக் கச்சான் தூக்கி
பௌசியாவின் பக்கம் கொண்டுபோனது.
தவநேசன் நனைந்துகொண்டு நின்றான்,
கையில் இருந்த ரசீதும் நனைந்தது.

இறக்கக்கண்டிப் பாலத்தில் போன் அடித்தது.
"நாப்பது நிமிஷந்தான் அண்ணை, காத்து இழுக்குது."
திருப்பினேன்.
கயிற்றில் போத்தலை இறக்கி
அள்ளி நாக்கில் வைத்தேன்.
நல்ல தண்ணீர்.
"ஊறட்டும். மூண்டு மணித்தியாலம் விட்டுப் போடுங்கோ."
"புது மோட்டருக்குமோ?"
"கிணறு பழசு தானே."
வந்துபோன பெற்றோல் காசு தந்தான்.
வாங்கினேன்.

இருட்டில் திருகோணமலைக்கு வருகையில்
ஒவ்வொரு வளைவிலும்
சீற்றுக்கடியில் அந்த இரண்டடி
உருண்டு உருண்டு தட்டியது.
எறியவில்லை.
மாரி பெய்து கிணறு நிமிர்ந்தால்
ஒரு சொக்கற் போட்டு
ஒட்டிக் கொடுக்கலாம்,
கேட்டால்.